கலைச்சொல் உரையாடல்: கணினியில் ஒலிக்கும் குழல் ஆர்கனுக்கு என்ன பெயர்?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

குழல் ஆர்கனைக் கணினியில் ஒலிக்கவைக்கும் ஹாப்ட்வெர்க், கிராண்ட்ஓர்க் போன்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே தடுமாற வேண்டியிருக்கிறது. 'எண்ணிம ஆர்கன்' என்று எழுதினால் கடையில் விற்கும் எல்லா மின்விசைப்பலகைகளும் அதற்குள் வந்துவிடும். 'பைப் ஆர்கன்' என்பதற்கு இயந்திர மொழிபெயர்ப்பை நம்பினால் 'குழாய் உறுப்பு' என்று வந்து நிற்கும் ஆபத்து உண்டு.

பொருள் இதுதான். கட்டையை அழுத்தினால் குழல்களுக்குள் காற்று புகுந்து ஒலிக்கும் இசைக்கருவிதான் குழல் ஆர்கன். ஒரு தேவாலயத்தில் இருக்கும் அத்தகைய ஆர்கனின் ஒவ்வொரு குழலையும் தனித்தனியே ஒலிக்கவைத்துப் பதிவு செய்கிறார்கள். வீட்டில் கணினியோடு மிடி கட்டைப்பலகையை (எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்று கணினிக்குச் சொல்லும் பலகை) இணைத்து ஒரு கட்டையை அழுத்தினால் அதற்குரிய குழலின் பதிவு ஒலிக்கும். பர்மிங்காம் நகரின் மோஸ்லியில் உள்ள புனித அன்னாள் ஆலய ஆர்கன் ஹாப்ட்வெர்க்குடன் சேர்ந்தே வருகிறது. சுவீடனின் பூரேயோ ஆலய ஆர்கன் கிராண்ட்ஓர்க்குக்காக இலவசமாகக் கிடைக்கிறது.

கருவிக்கு 'மெய்நிகர் குழல் ஆர்கன்', அதில் உள்ள பதிவுகளுக்கு (ஆங்கிலத்தில் 'சாம்பிள்') 'ஒலிமாதிரி' என்பவை என் முன்மொழிவு. குறைகளைச் சொல்லுங்கள்.

மடல் 2

> பதிவுகளுக்கு 'ஒலிமாதிரி'

ஐயா, இந்த இடத்தில் 'மாதிரி' கூடவே கூடாது. தமிழில் மாதிரி என்றால் கடைக்காரர் காட்டும் துணித்துண்டும் மாதிரிதான், சிற்பி முதலில் செய்து பார்க்கும் களிமண் உருவமும் மாதிரிதான். வேறு துறைகளில் இந்த இருபொருளைப் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே அவை இரண்டும் எதிரெதிர்த் தொழில்நுட்பங்கள். ஹாப்ட்வெர்க்கும் கிராண்ட்ஓர்க்கும் பதிவை ஒலிக்கின்றன. ஆர்கன்டெக் என்ற மென்பொருள் குழலுக்குள் காற்று நடந்துகொள்ளும் விதத்தைக் கணக்கிட்டு அந்த நொடியிலேயே ஒலியை உண்டாக்குகிறது. ஏயோலஸ் என்ற இன்னொன்று பல தூய அலைகளைக் கூட்டி ஒலி செய்கிறது. பதிவை 'ஒலிமாதிரி' என்றும் கணக்கிடுவதை (ஆங்கிலத்தில் 'மாடலிங்') 'மாதிரியாக்கம்' என்றும் எழுதினால், படிப்பவர் இரண்டும் ஒன்றென்றே நினைப்பார்.

இது சொல்லோடு நிற்கும் குழப்பமும் அல்ல. எந்தக் கணினி வாங்குவது என்பதே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. கணக்கிடும் மென்பொருளுக்குச் செயலி வலுவாக இருந்தால் போதும், நினைவகம் அதிகம் கேட்காது. பதிவு ஆர்கனுக்கு நினைவகம்தான் உயிர். 48,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 அளவுப் புள்ளிகள்), புள்ளிக்கு 24 பிட், இரு தடம் என்றால் ஒரு நொடிக்கு 2,88,000 பைட். ஒரு குழலுக்கு எல்லாம் சேர்த்து 15 நொடிப் பதிவு என்று வைத்தால் 4.32 மெகாபைட். 61 குழல்கள் கொண்ட ஒரு வரிசைக்கு சுமார் 264 மெகாபைட். அப்படி 30 வரிசை இருந்தால் 7.9 கிகாபைட். 8 கிகாபைட் நினைவகம் உள்ள மடிக்கணினியில் இதை ஏற்றினால் இயங்குதளம் வட்டை நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கும், வாசிப்பு விக்கி விக்கி வரும். 16 பிட்டாக ஏற்றினால் 5.3 கிகாபைட்டில் அடங்கும். கிராண்ட்ஓர்க்கில் ஏற்றும்போதே இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

மாதிரிக்குப் பதிலாக 'பதம்' எப்படி? 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்ற வழக்கு எல்லோருக்கும் தெரியும். 'ஒலிப்பதம்' என்றால் விளக்கம் தேவைப்படாது.

மடல் 3

'ஒலிப்பதம்' கேட்க அழகாக இருக்கிறது அம்மா, ஆனால் அந்தப் பழமொழியே அதற்கு எதிராக நிற்கிறது. ஒரு சோற்றைப் பார்த்துப் பானை முழுவதையும் அறிவதுதான் பதம். மலிவான விசைப்பலகைகள் செய்வது அதைத்தான். ஒரு குழலைப் பதிந்து, அதையே வேகம் கூட்டியும் குறைத்தும் ஏழெட்டுக் கட்டைகளுக்கு இழுத்துக்கொள்ளும். நல்ல பதிவுத் தொகுப்பில் ஒவ்வொரு சோறும் எடுத்துப் பார்க்கப்படுகிறது. பக்கத்துக் குழல் சற்றே மூச்சிரைக்கும், அதற்கடுத்தது கொஞ்சம் தாமதித்துப் பேசும். அந்த ஒழுங்கின்மைதான் கருவியின் முகம். அது கெடாமல் இருக்கவே குழலுக்குக் குழல் பதிகிறார்கள்.

என் பரிந்துரை: 'பதிகுழல் ஆர்கன்'. பதி + குழல், வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல இடையில் வல்லினம் மிகாது. பதிந்த குழல், பதிகிற குழல், பதியும் குழல் என மூன்று காலத்துக்கும் நிற்கும். கணக்கிட்டு ஒலிப்பதற்கு இதே அச்சில் 'கணிகுழல் ஆர்கன்' வார்க்கலாம். இரண்டையும் அருகருகே வைத்தாலே வேறுபாடு தெரியும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும் என்றால் அங்கே மெய்நிகர் இருக்கட்டும்.

குழாய் வேண்டாம், அது தண்ணீருக்குப் போய்விட்டது. ஆர்கனை மாற்ற வேண்டாம். ஆலயங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கும் சொல் அது, ஆர்மோனியத்தைப் போல நம்முடையதாகிவிட்டது.

மடல் 4

'பதிகுழல்' எனக்கு முழுச் சம்மதம். ஆனால் தலைப்புச் சொல்லோடு வேலை முடியாது. ஒரு பதிவுக்குள் இருக்கும் மூன்று பகுதிகளுக்குப் பெயர் இல்லாமல் ஒரு வழிகாட்டிகூட எழுத முடியாது. எடுப்பு, மடக்கு, ஒடுக்கம் என்று வைக்கலாமா?

கட்டை அழுத்தப்பட்டதும் காற்று குழலுக்குள் ஏறி ஒலி நிலைபெறும் வரை எடுப்பு. பாட்டின் தொடக்கத்துக்கு இருக்கும் அதே சொல். பிறகு விரல் இருக்கும் வரை ஒலியைத் திரும்பத் திரும்ப ஓட்டும் துண்டு மடக்கு. நிரலாளர்களுக்கும் அணியிலக்கணம் படித்தவர்களுக்கும் பழகிய சொல். விரலை எடுத்த பின் குழல் அடங்கி, கூடத்தில் முழக்கம் தேய்ந்து மறைவது ஒடுக்கம். ஆங்கில 'ரிலீஸ்' என்பதைப் பெயர்த்து 'விடுப்பு' என்று சிலர் எழுதக்கூடும், அலுவலக விடுமுறையாகத்தான் படிக்கப்படும்.

மடக்கில்தான் அதிகம் பிழை நேர்கிறது. '8 அடி' எனக் குறிக்கப்படும் குழல் வரிசையின் மிகத் தாழ்ந்த ஸ்வரம், மேலை முறையில் 'சி', 65.4 ஹெர்ட்ஸ். 48,000 ஹெர்ட்ஸ் பதிவில் ஓர் அலைச் சுற்றுக்கு சுமார் 734 புள்ளிகள். மடக்கின் முடிவுப் புள்ளி அரைச் சுற்று, அதாவது 367 புள்ளி தள்ளிப் போனால், அலை மேலே ஏறும் இடத்தில் கீழே இறங்கும் துண்டு ஒட்டப்படும். மடக்கு 2 நொடி நீளம் என்றால் 2 நொடிக்கு ஒருமுறை 'டிக்' என்று கேட்கும். ஆகவே அலை சுழியைக் கடக்கும் இடத்தில், ஒரே திசையில் கடக்கும் இரு புள்ளிகளைத் தேட வேண்டும். அதோடு இரண்டு இடத்திலும் அலையின் உருவம் ஒத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 'டிக்' போகட்டும் என்று நாலைந்து சுற்றுகளையே மடக்கினால் ஒலி செத்துவிடும், காற்றின் இயல்பான அசைவு அதில் இராது. ஒன்றிரண்டு நொடிக்குக் குறையாத மடக்குகள், முடிந்தால் ஒரு குழலுக்கு மூன்று நான்கு, வைப்பது நல்லது.

மடக்குப் புள்ளிகள் அலைக்கோப்பின் (ஒலி சேமிக்கப்படும் 'வேவ்' கோப்பு) உள்ளேயே ஒரு தனித் துண்டில் எழுதப்படும். பல ஒலித் திருத்திகள் கோப்பை மறுபடி சேமிக்கும்போது அந்தத் துண்டை விட்டுவிடும். ஒலியளவை மட்டும் திருத்தினாலும் மடக்கு போய்விடும். திருத்தம் எல்லாம் முடிந்த பிறகே மடக்கு வையுங்கள்.

ஒடுக்கம் ஒன்று மட்டும் இருந்தால் போதாது. ஐந்து நொடி முழங்கும் கூடத்தில் ஒரு கட்டையைச் சட்டென்று தொட்டு எடுத்தால், கூடம் நிரம்ப நேரமே இல்லை, முழக்கமும் மெலிதாகவே இருக்கும். நீளப் பதிவின் ஒடுக்கத்தை அங்கே ஒட்டினால் ஒவ்வொரு சிறு தொடுதலும் இடிபோல் வீங்கும். அதனால் குற்றொடுக்கம், இடையொடுக்கம், நெட்டொடுக்கம் என மூன்றைத் தனித்தனியே பதிகிறார்கள்.

இன்னொன்று, துருத்திக்குக் காற்றூட்டும் மின்விசிறியின் இரைச்சல். ஒரு பதிவில் அது காதில் விழாது. 40 குழல்கள் சேர்ந்து ஒலிக்கும்போது 40 இரைச்சல்கள் கூடி சுமார் 16 டெசிபெல் உயரும். ஒவ்வொரு பதிவிலும் முன்கூட்டியே இரைச்சலை நீக்குவது அதற்காகத்தான். அளவுக்கு மீறி நீக்கினால் குழலின் மூச்சும் சேர்ந்து போய்விடும்.

ஆங்கிலத்தின் 'வெட்', 'டிரை' என்பவற்றைப் பெயர்த்து, கூடத்தின் முழக்கத்தோடு பதிந்ததை 'ஈரப்பதிவு' என்றும் குழலருகே பதிந்ததை 'உலர்பதிவு' என்றும் யாரும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 'முழக்கப்பதிவு', 'அண்மைப்பதிவு' என்றாலே விளங்கும்.

மடல் 5

எடுப்பு, மடக்கு, ஒடுக்கம் மூன்றையும் ஏற்கிறேன். விடுபட்ட ஒன்று: ஆர்கனின் 'ஸ்டாப்', அதாவது எந்தக் குழல் வரிசை ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் குமிழ். இதை 'நிறுத்தம்' என்று பெயர்த்தால் பேருந்து வந்துவிடும். குமிழை வெளியே இழுக்கும்போது குழல்களுக்கு அடியில் உள்ள துளையிட்ட பட்டை நகர்ந்து காற்றுக்கு வழி விடுகிறது. ஆகவே அதன் பெயர் 'இழுகுமிழ்'. அது திறந்துவிடும் குழல் வரிசை 'நிரை'. இரண்டு சொல் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் மிக்ஸ்சர் வகையில் ஒரே இழுகுமிழ் மூன்று, நான்கு நிரைகளைத் திறக்கும். கிராண்ட்ஓர்க்கின் ஆர்கன் வரையறைக் கோப்பிலும் இவை தனித்தனிப் பகுதிகளாகவே இருக்கின்றன.

குமிழில் எழுதியிருக்கும் அடிக்கணக்கை மெலிவு, சமன், வலிவு என்று மாற்ற முதலில் எனக்கும் ஆசை இருந்தது. 16 அடி மெலிவு, 8 அடி சமன், 4 அடி வலிவு என்பது வரை சரியாக ஓடும். 2⅔ அடியில் முறிந்துவிடும். அங்கே ஸட்ஜக் கட்டையை அழுத்தினால் மேல் ஸ்தாயிப் பஞ்சமம் ஒலிக்கும். 1⅗ அடியில் இரண்டு ஸ்தாயி தாண்டி அந்தர காந்தாரம். எனவே அடியே இருக்கட்டும். ஆனால் அது குழலின் நீளம் அல்ல, சுருதியின் பெயர் என்று அருஞ்சொல் பட்டியலில் ஒரு வரி சேருங்கள். மேல்முனை மூடிய குழல் 4 அடி நீளத்திலேயே 8 அடிக்குரிய சுருதியைத் தரும்.

நாக்குக் குழல்களுக்குச் சீவாளியைக் கடன் வாங்க வேண்டாம். நாகஸ்வரச் சீவாளியில் இரண்டு இதழ்கள், ஆர்கனில் உலோக நாக்கு ஒன்றுதான்.

மறுப்பு இல்லையென்றால் இவற்றை மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடலாம். 'டிரெமுலன்ட்' மட்டும் நிலுவையில் நிற்கிறது. காற்றழுத்தத்தைச் சீராக அசைத்து, சுருதி, ஒலியளவு இரண்டையும் சேர்த்து ஆட்டும் உறுப்பு அது. கமகம் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை, கமகம் பாடுபவரின் முடிவு. 'காற்றசைவி' என்று வைத்திருக்கிறேன், மேலான சொல் வந்தால் மாற்றுகிறேன்.