அம்மாவின் எக்ஸ்ரேயில் ஒரு வெள்ளைக் கோடு: கொன்ட்ரொயிட்டின் குளிசையும் கல்சியப் படிவும், உங்கள் அனுபவம் என்ன?

முத்தையன்கட்டு மகள் எழுதியது:

அம்மாவுக்கு 64 வயது. இன்னும் கச்சான் தோட்டத்தில் குனிந்து நிமிர்கிறவர். 2009இல் மாத்தளனில் வைத்து வலது முழங்காலுக்கு மேலே ஒரு ஷெல் பீஸ் ஏறியது. எடுக்கப் போனால் நரம்பு பாதிக்கும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அன்று தொடக்கம் அந்தக் கால் உளைந்தால் வீட்டில் எல்லோரும் பீஸைத்தான் சொல்வோம். மழைக்கு உளைந்தாலும் பீஸ், நடந்து உளைந்தாலும் பீஸ்.

கனடாவில் இருக்கும் சித்தி நாலு வருடமாக, மூட்டுக்கு நல்லதென்று விற்கும் குளுக்கோசமைனும் கொன்ட்ரொயிட்டினும் சேர்ந்த குளிசைப் பெரிய போத்தலைப் பார்சலில் அனுப்பி வருகிறார். அம்மா காலையும் இரவும் தவறாமல் போடுவார்.

போன மாசியில் ஒரு விடியற்காலை முழங்கால் பொங்கி வீங்கி, கை வைத்தால் சுட்டது. நிலத்தில் கால் ஊன்ற முடியவில்லை. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரேயில் பீஸ் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் டொக்டர் விரல் வைத்துக் காட்டியது அதை இல்லை. இரண்டு எலும்புக்கும் நடுவில், குருத்தெலும்பு இருக்கும் இடத்தில், பென்சிலால் கீறினது போல ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. குருத்தெலும்புக்குள் கல்சியம் பளிங்கு பளிங்காகப் படிந்திருக்கிறது, அது மூட்டுக்குள் உதிர்ந்தால் இப்படித் திடீரென்று வீங்கும் என்றார். ஊசியால் நீர் எடுத்துச் சோதித்ததில் கல்சியம் பைரோபொஸ்பேட் என்று வந்தது. பதினைந்து வருடம் பீஸின் மேல் போட்ட பழி பாதி தவறு என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

என்னென்ன மருந்து போடுகிறீர்கள் என்று கேட்டபோது அம்மா பிரஷர் குளிசையை மட்டும் சொன்னார். போத்தலைச் சொல்லவில்லை. பிறகு கேட்டால், “அது மருந்தில்லைப் பிள்ளை, சத்துத்தானே” என்கிறார்.

இரவு போனில் தேடிப் பார்த்தேன். கொன்ட்ரொயிட்டினையும் உடம்பில் கல்சியம் தப்பான இடத்தில் படிவதையும் சேர்த்து ஆராய்ச்சிகள் இருப்பதைக் கண்டதும் நெஞ்சு பதறிவிட்டது. போத்தலை எடுத்து ஒளித்தே விட்டேன். ஆறுதலாக வாசித்த பிறகுதான் தெளிவு வந்தது.

கொன்ட்ரொயிட்டின் சல்பேட் நம் குருத்தெலும்பிலேயே இயல்பாக இருக்கும் பொருள். சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீளச் சங்கிலி. அதன் உடம்பெல்லாம் எதிர் மின்னூட்டம். அந்த மின்னூட்டம்தான் தண்ணீரை இழுத்து வைத்து மூட்டை மெத்தை போல ஆக்குகிறது. கல்சியத்துக்கு நேர் மின்னூட்டம், ஆகவே அதையும் இழுக்கும். இழுத்து வைத்தால் படிந்துவிடுமா என்றால், அங்கேதான் விசயம் இரண்டு பக்கமும் போகிறது. கல்சியத்தைப் பிடித்து வைத்திருப்பதாலேயே பளிங்கு வளராமல் தடுக்கும் என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. மறுபக்கம், 2013இல் சிறுநீரகம் பழுதான சுண்டெலிகளில் செய்த ஓர் ஆய்வில், இந்த வகைச் சங்கிலிகள் அளவுக்கு மிஞ்சி உண்டான எலிகளின் பெருநாடியில் கல்சியம் கூடுதலாகப் படிந்திருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த எலிகளுக்கு யாரும் போத்தல் குளிசை கொடுக்கவில்லை. அவற்றின் உடம்பே கூடுதலாக உண்டாக்கியது. வாயால் போடும் கொன்ட்ரொயிட்டின் பெரும்பாலும் குடலிலேயே சிதைந்துபோகும், கொஞ்சம்தான் இரத்தத்தில் சேரும். அதனால் “குளிசை போட்டால் கல் படியும்” என்று ஒரே வரியில் பகிர்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. சனம் பயந்துபோகும்.

அடுத்த கிளினிக்குக்குப் போத்தலைக் கையோடு கொண்டுபோனேன். வயதும் பழைய காயமுமே அந்தக் கோட்டுக்குப் போதும், இந்தக் குளிசைதான் செய்தது என்று சொல்ல முடியாது என்றார் டொக்டர். ஆனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அம்மாவுக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது, பயன் தெளிவில்லாத ஒன்றை ஏன் போட வேண்டும், நிறுத்துங்கள் என்றார். இரத்தத்தில் கல்சியம், மக்னீசியம், கல்சிய அளவைக் கட்டுப்படுத்தும் பாராதைரொயிட் ஹோர்மோன் மூன்றையும் பார்க்க எழுதித் தந்தார்.

பயன் பற்றியும் தேடினேன். 2006இல் அமெரிக்காவில் முழங்கால் தேய்வுள்ள 1583 பேரை வைத்து 24 கிழமை செய்த பெரிய ஆய்வு ஒன்று வெளியானது. நாளுக்கு 1200 மில்லிகிராம் கொன்ட்ரொயிட்டின் போட்டவர்களுக்கும் வெறும் மாக்குளிசை போட்டவர்களுக்கும் வலி குறைந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. சித்தி இதற்கு அனுப்பின காசை நினைத்தால் மனம் வலிக்கிறது.

இப்படி எக்ஸ்ரேயிலோ ஸ்கானிலோ கல்சியம் கண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

நெடுங்கேணியான்:

தங்கச்சி, எங்கள் ஐயாவுக்குச் சிறுநீரக வருத்தம். வவுனியாப் பக்கம் இந்த வருத்தம் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. சீனியும் பிரஷரும் இல்லாத கமக்காரருக்கே வருகிறது. முதுகு நோவுக்கு எடுத்த எக்ஸ்ரேயில் முள்ளந்தண்டுக்கு முன்னால் இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓடின. அது எலும்பில்லை, பெருநாடிச் சுவர் என்றார்கள். பார்த்ததும் எனக்கு ஈயக் குழாய்தான் ஞாபகம் வந்தது.

சிறுநீரகம் பழுதானால் பொஸ்பேட் வெளியே போகாமல் இரத்தத்தில் தங்கும், அது கல்சியத்தோடு சேர்ந்து நாடிச் சுவரில் படியும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். நாங்களோ சவர்த் தண்ணீரிலிருக்கும் கல்தான் நாடியில் ஏறிவிட்டது என்று நினைத்து, வடிகட்டின தண்ணீர் வாங்கினால் சரி என்று இருந்தோம். வடிகட்டின தண்ணீர் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஐயா அதைக் குடித்துக்கொண்டே தினமும் கருவாடு சாப்பிட்டார். கருவாட்டில் பொஸ்பேட் கூட என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. இப்போது சாப்பாட்டோடு சேர்த்துப் போட, பொஸ்பேட்டைக் குடலிலேயே பிடிக்கும் குளிசை தந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. உளைவுக்குப் பாமசியில் டைக்ளோபெனாக் வாங்கிப் போடுகிறவர்கள், சிறுநீரகம் பழுதென்றால் தயவுசெய்து டொக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். ஐயா இரண்டு வருடம் போட்டார்.

கிளிநொச்சி 55ஆம் கட்டை:

எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பொய்க்கால் போட்டு நன்றாக நடந்துகொண்டிருந்தேன். மூன்றாம் வருடம் துண்டித்த இடத்தில் ஏதோ குத்தத் தொடங்கியது. பொய்க்காலில் கால் நுழையும் குவளையைப் புதிதாகச் செய்தும் குத்தியது. எக்ஸ்ரே எடுத்தால், சதைக்குள்ளே எலும்பு வளர்ந்திருக்கிறது! குண்டுவெடிப்புக் காயத்தில் இது சாதாரணம் என்று எலும்பு டொக்டர் சொன்னார். அமெரிக்கப் படையினரின் துண்டித்த கால் கைகளைப் பார்த்த ஆய்வொன்று 2007இல் வந்தது. 213இல் 134இல், அதாவது 63 வீதத்தில், இப்படி எலும்பு வளர்ந்திருந்ததாம். முதலில் குருத்தெலும்பு உண்டாகி, பிறகு அதில் கல்சியம் ஏறி எலும்பாக மாறுமாம். அந்தக் குருத்தெலும்பிலும் அக்கா சொன்ன கொன்ட்ரொயிட்டின் இருக்கும், ஆனால் என் வாழ்க்கையில் நான் ஒரு குளிசைகூடப் போட்டதில்லை.

என்னைப் போல எத்தனை பேர் வன்னியில் பொய்க்காலோடு இருக்கிறார்கள். குத்தினால் தோல் தடித்துவிட்டது என்று பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள், ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். எனக்கு வெட்டி எடுத்தார்கள், இப்போது சைக்கிள் ஓடுகிறேன்.

மல்லாவி ஆசிரியர்:

மனைவிக்கு இதய வால்வு மாற்றியது, இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் போடுகிறார். லண்டனில் இருக்கும் மச்சாள் கொண்டுவந்த இதே கூட்டுக் குளிசையை ஒரு மாதம் போட்டார். பல் விளக்கும்போது முரசில் இரத்தம் நிற்கவில்லை. இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் அளவைப் பார்த்தால் 5ஐத் தாண்டியிருந்தது. இந்தக் குளிசையோடு வோபரின் போட்டவர்களுக்கு ஐ.என்.ஆர் ஏறினது முன்பே பதிவாகியிருக்கிறது. கல்சியத்தைவிட எனக்கு இதுதான் பெரிய பயம்.

வற்றாப்பளை மாமி:

பிள்ளைகள், இதை எதில் செய்கிறார்கள் என்று யாராவது பார்த்தீர்களா? மகன் போத்தலை வாசித்துச் சொன்னான், மாட்டின் தொண்டைக்குழாய்க் குருத்தெலும்பாம். சிலதில் சுறா. அம்மன் பொங்கலுக்கு விரதம் பிடிக்கிற நான் அந்த நாட்களிலும் போட்டிருக்கிறேன். தெரிந்த அன்றே நிறுத்திவிட்டேன். முழங்கால் முந்தி இருந்த மாதிரியேதான் இருக்கிறது.

முத்தையன்கட்டு மகள்:

எல்லோருக்கும் நன்றி. நெடுங்கேணி அண்ணா எழுதினதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், கருவாட்டுச் சட்டியைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார். இரத்தப் பரிசோதனை வந்துவிட்டது, மூன்றும் சரி. வீக்கம் வற்றி இரண்டு கிழமையாகத் தோட்டத்துக்குப் போகிறார், ஆனால் குந்தி இருந்து புல்லுப் பிடுங்க விடாமல் ஒரு சின்னப் பலகை செய்து கொடுத்திருக்கிறேன்.

சித்தியிடம் நேற்றுத்தான் சொன்னேன். முதலில் அழுதார். “அக்காவின் காலுக்கு நான் வேறென்ன செய்யிறது” என்று கேட்டார். முழங்காலுக்குப் போடும் நல்ல பட்டி ஒன்று வாங்கி அனுப்பச் சொன்னேன், அளவு கேட்டிருக்கிறார். போத்தலின் லேபலைக் கழற்றி அம்மாவின் கிளினிக் கொப்பியில் ஒட்டி, போட்ட காலத்தையும் நிறுத்திய திகதியையும் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.