குளக்கரையில் ஓய்வுக் கொட்டில்: பெர்மிட் காணியோ, அரச குத்தகையோ?

முல்லைக்காற்று:
முல்லைத்தீவில் முத்தையன்கட்டுப் பக்கம் குளத்தை ஒட்டி அரை ஏக்கர். வார இறுதியில் வந்து தங்க இரண்டு அறைக் கொட்டில் போதும். வைத்திருக்கிறவர் பெர்மிட்காரர் (அரச காணிக்கு அனுமதிப் பத்திரம் மட்டும் உள்ளவர்), அற்றோணித் தத்துவம் (தனக்குப் பதிலாக நடக்க அதிகாரம் தரும் கடதாசி) எழுதித் தாறன் எண்டுறார். பக்கத்து அரச காணியைக் குத்தகைக்குக் கேட்கலாமாம். எது நல்லது?

கச்சேரியடி:
பெர்மிட் காணியை விடுங்கோ தம்பி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தது. அளிப்புப் பத்திரம் (பெர்மிட்டுக்கு அடுத்த படியாக அரசு தரும் உரித்து) கிடைத்த காணியைக்கூடப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதத்தை முதலே எடுக்காமல் விற்றால் செல்லாது. பெர்மிட் அதைவிடக் கீழே. அற்றோணித் தத்துவம் எழுதியவர் கண்ணை மூடினால் அந்தக் கடதாசியும் அதோடு சரி. காணி மனைவிக்கும் பின்னுரித்தாளருக்கும் (அவர் பெயர் குறித்த வாரிசு) போகும், உங்கட சீமெந்தும் சேர்ந்து. எத்தனை வருடம் இருந்தாலும் அரசுக்கு எதிராக ஆட்சியுரிமை (கனகாலம் இருந்ததால் வரும் உரித்து) கேட்க ஏலாது.

வாய்க்கால்வரம்பு:
குத்தகை மெதுவான வழி, ஆனால் நேரானது. பிரதேச செயலகத்தில் விண்ணப்பம், பிறகு களப் பரிசோதனை, வன இலாகா, நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அபிப்பிராயம். காணி ஆணையாளர் நாயகம் வரை போய் வர்த்தமானியில் அறிவித்தல் வரும்; ஆட்சேபனைக்கு 6 கிழமை. குத்தகைக் காலம் வழமையாக 30 வருடம். பிரதான மதிப்பீட்டாளர் சொல்லும் பெறுமதி 50 லட்சத்துக்குக் குறைவெண்டால் அதில் 2%, கூடினால் 4% வருட வாடகை, 5 வருடத்துக்கு ஒருமுறை ஏறும். ஒரு வருடத்துக்குள் அபிவிருத்தி செய்யவேணும். முதல் 5 வருடம் வேறொருவருக்குக் கைமாற்றவோ உபகுத்தகை கொடுக்கவோ விடமாட்டினம்.

கையில் ஜிபிஎஸ் புள்ளிகளோடு வன இலாகாவுக்கு முதலே போங்கோ. பற்றை எண்டு நினைக்கிற இடம் வரைபடத்தில் ஒதுக்குக் காடாக இருக்கும். கனபேர் பிழைவிடுவது அங்கதான்.

வான்கதவு:
அதைவிடப் பெரிய சிக்கல் தண்ணி. ஆடி, ஆவணியில் போய்ப் பார்த்தால் கரை தூரத்தில் தெரியும். மார்கழியில் வான் (குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணி வழியும் இடம்) பாயேக்க நீர்மட்டம் வான்மட்டத்துக்கும் மேலே ஏறும், ஏனெண்டால் பாய்கிற தண்ணிக்கு ஒரு உயரம் வேணுமே. ஆகவே வான்மட்டத்தை மட்டும் வைத்துத் தளம் போடாதேங்கோ. குள ஒதுக்கின் (குளத்துக்கெண்டு ஒதுக்கிவிட்ட கரை நிலம்) எல்லையை நீர்ப்பாசன அலுவலகம் அடையாளமிட்டுத் தரட்டும். ஒதுக்குக்குள் விழுந்தால் குத்தகை கிடைக்காது, கட்டினால் இடிப்பினம்.

முல்லைக்காற்று:
சரி, குத்தகைக்கே போடுறன். நான் வராத நாளில் ஆட்களுக்கு வாடகைக்கு விடலாமோ?

வாய்க்கால்வரம்பு:
அப்ப விண்ணப்பத்திலேயே சுற்றுலா எண்டு நோக்கத்தை எழுதுங்கோ. வதிவுக்கு எடுத்த காணியில் விடுதி நடத்தினால் நிபந்தனை மீறல், குத்தகையை இரத்துச் செய்ய அதுவே காணும்.