ராத்திரி பூட்டிய கூண்டுக்குள்ளேயே கோழி சாகுது: நரியா, வேற எதாவதா?

மலையடிவாரம்:
வணக்கம். துறையூர் பக்கம், பச்சைமலை அடிவாரம். சிறுவிடையில் (நாட்டுக்கோழியில் சின்ன ரகம்) பெட்டை, சேவல், விடைக்கோழி (இளங்கோழி) எல்லாம் சேர்த்து 22 இருந்தது. பத்து நாளில் 5 போச்சு, குஞ்சு 4 தனிக்கணக்கு.

கூண்டு 8 அடிக்கு 6 அடி. சுற்றி 2 அடி செங்கல் சுவர், அதுக்கு மேல் 4 அடி கோழிவலை (அறுகோணக் கண்ணி), மேலே சிமென்ட் ஷீட், உள்ளே மண் தரை. நடந்தது இதுதான்:

முதல் ராத்திரி உள்ளேயே இரண்டு செத்துக் கிடந்தது. தலையும் கழுத்தும் தின்றிருக்கு, உடம்பு அப்படியே. கதவு பூட்டினது பூட்டினபடி. நாலு நாள் கழித்து வலை ஓரத்தில் ஒன்று, ஒரு கால் இல்லை. அப்புறம் அடுத்தடுத்த நாளில் பொழுது சாயும் நேரம் இரண்டு பெட்டை காணோம், வேலிப்புதர் வரைக்கும் இறகு சிந்தியிருந்தது. பகலில் குஞ்சு ஒவ்வொன்றாகக் குறையுது, சத்தமே வரலை.

ஊரில் எல்லாரும் நரிதான் என்கிறார்கள். ராத்திரி மட்டும் கூண்டைச் சுற்றிக் கரண்ட் கம்பி இழுக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

கொடாப்பு:
கரண்ட் கம்பியைப் பற்றிப் பேசவே வேண்டாம். வீட்டு லைனை நேராகக் கம்பியில் விட்டால் முதலில் சாவது மாடோ, தண்ணி பாய்ச்ச வருகிற ஆளோதான். ஜெயில் கேஸ்.

நீங்கள் சொன்ன நாலும் ஒரே ஆள் செய்த வேலை இல்லை. பூட்டிய கூண்டுக்குள் தலையை மட்டும் தின்றுவிட்டு உடம்பை விட்டுப் போவது பெரும்பாலும் மரநாய். அது ஏறி வரும், மேல் சந்தில்தான் நுழையும். நரி உள்ளே வந்திருந்தால் தரையில் பறித்த குழி இருக்கும், கோழியையும் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

வலை ஓரத்தில் கால் போனது வெளியே இருந்து இழுத்தது. கோழி வலையை ஒட்டி அடைந்திருக்கும், கண்ணி வழியாகக் காலைப் பிடித்து இழுத்திருக்கும். பூனை, மரநாய், பெருச்சாளி மூன்றுக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

பொழுது சாயும் நேரம் இறகு சிந்தப் பெட்டைகளைத் தூக்கிப் போனதுதான் நரி, இல்லாவிட்டால் காட்டுப்பூனை. பகலில் சத்தமில்லாமல் குஞ்சு குறைந்தால் வல்லூறு, காக்கை, கீரி என்று மூன்று பேரைச் சந்தேகப்படலாம். கீரி பகலில்தான் வேட்டையாடும்.

இன்னொன்று: சேலம் பக்கம் வங்கா நரி என்று சொல்கிற குள்ளநரி இரண்டு மூன்று கிலோதான் இருக்கும், பெரும்பாலும் பூச்சி, எலி, இலந்தைப்பழம் தின்று வாழ்வது. வளர்ந்த கோழியைத் தூக்கும் பெரிய நரி வேறு. இரண்டையும் ஒரே பேரில் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

சாம்பல்மேடு:
ஊகத்தை விட்டுவிட்டு ஒரு ராத்திரி சாம்பல் தூவிப் பாருங்கள். சலித்த அடுப்புச் சாம்பல், கூண்டைச் சுற்றி 2 அடி அகலத்துக்கு மெல்லிசாக. சுவர் மேலும் ஒரு கோடு விடுங்கள். மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் பாருங்கள்.

நாலு விரல், முன்னால் நகப்புள்ளி தெரிந்தால் நாய் அல்லது நரி. நாய்த்தடம் அகலம், நரித்தடம் ஒடுக்கமாக நீளவாட்டில் இருக்கும். நாலு விரல், நகம் பதியாமல் உருண்டையாக இருந்தால் பூனை இனம். ஐந்து விரல் என்றால் மரநாய், கீரி. ராத்திரி விழுந்த தடமாக இருந்தால் கீரியைக் கழித்துவிடலாம்.

ஷீட் மேலும் பாருங்கள். மரநாய் ஒரே இடத்தில் எச்சம் போடும், அதில் பழக்கொட்டை முழுசாகக் கிடக்கும்.

மலையடிவாரம்:
பார்த்தேன். சுவர் மேல் ஐந்து விரல். ஷீட் மூலையில் சப்போட்டாக் கொட்டையோடு எச்சம். வலைக்கும் ஷீட்டுக்கும் நடுவில் ஒரு பக்கம் நாலு விரல்கடை சந்து இருக்கு, காற்றுக்கு என்று விட்டது. கீழே தென்புறம் பெருச்சாளி வளை இரண்டு, மண் குவிந்திருக்கு.

கொடாப்பு:
அந்தச் சந்துதான் வாசல். காற்றுக்கு விட்ட இடத்தை அடைக்க வேண்டாம், வலை போட்டு மூடுங்கள்.

முதலில் கோழிவலையைக் கழற்றுங்கள். அது கோழி வெளியே போகாமல் இருக்கச் செய்தது, வேறெதுவும் உள்ளே வராமல் இருக்க இல்லை. மெல்லிய கம்பியை முறுக்கி வைத்தது, நாய் இரண்டு இழுப்பில் பிரித்துவிடும். அதற்குப் பதில் அரை அங்குலக் கண்ணி ஜிஐ வெல்டு மெஷ் (துத்தநாகம் பூசி, கம்பிகளைப் பற்றவைத்த வலை), 18 அல்லது 19 கேஜ் (கம்பியின் தடிமன், எண் கூடினால் கம்பி மெல்லிசு). ஒரு அங்குலக் கண்ணி போட்டால் கீரி நிற்கும், ஆனால் எலிக்குட்டியும் குட்டிப்பாம்பும் நுழையும். செயின் லிங்க் (வேலிக்குப் போடும் பெரிய வைரக்கண்ணி வலை) மட்டும் போட்டால் கீரிக்குட்டிக்கே வழி.

அளவு: சுற்றளவு 28 அடி, உயரம் 4 அடி. 4 அடி அகலச் சுருளில் 30 அடி போதும், கதவுக்கும் இதிலேயே வரும். இரண்டு துண்டு சேரும் இடத்தில் 2 அங்குலம் ஏறவிட்டு, 3 அங்குலத்துக்கு ஒரு கட்டு ஜிஐ கம்பியால். சட்டத்தில் பொருத்த யூ ஆணி வேண்டாம், மழையில் மரம் ஊறினால் கழன்று வரும். வலை மேல் தட்டைப் பட்டி வைத்து அதன் மேல் வாஷரோடு ஸ்க்ரூ, அரை அடிக்கு ஒன்று.

ஷீட் நெளிவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒவ்வொரு அலையிலும் இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓட்டை இருக்கும். பலரும் விடுவது இதைத்தான். மெஷ்ஷை அலைக்கு ஏற்ப வெட்டிச் செருகுங்கள், இல்லாவிட்டால் 1:4 சிமென்ட், மணல் கலவை வைத்துப் பூசுங்கள். ஷீட் தளர்ந்திருந்தால் ஜே போல்ட்டை (ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் கொக்கி போல்ட்) முடுக்குங்கள்.

வேலிக்கல்:
கீழே பெருச்சாளி, நரி இரண்டுக்கும் ஒரே மருந்து, பாவாடை வலை. சுவருக்கு ஒன்றரை அடி அஸ்திவாரம் இருந்தால் இது வேண்டியதில்லை. இல்லையென்றால் 3 அடி அகல மெஷ் (ஒரு அங்குலக் கண்ணி, 14 கேஜ்) எடுத்து 1 அடி சுவரில் ஏற்றி, 2 அடி வெளியே தரையில் படுக்க விடுங்கள். நாலு பக்கம் 28 அடி, மூலைத் துண்டுக்கு 8 அடி, ஆக 36 அடி. மேலே 3 அங்குலம் மண், ஓரத்தில் கல். பறிக்கிற மிருகம் சுவரை ஒட்டித்தான் கால் வைக்கும், வலை தடுத்ததும் இரண்டு அடி பின்னால் போய்த் தொடங்க வேண்டும் என்று அதுக்குத் தோணாது. நேராகக் குழி வெட்டி வலையை நட்டால் வேலை மூன்று மடங்கு.

மண் தரையை விடாதீர்கள். இருக்கும் வளையில் கண்ணாடிச் சில்லும் கல்லும் திணித்து மூடி, 2 அங்குலம் கான்கிரீட் போட்டு, மேலே நெல் உமி நாலு அங்குலம் பரப்புங்கள்.

அடையும் கம்பு வலையிலிருந்து குறைந்தது 1 அடி உள்ளே இருக்கட்டும், தரையிலிருந்து இரண்டரை அடி. கோழிக்கு ஒரு சாண் வீதம் கணக்குப் போட்டால் 6 அடிக் கம்பு மூன்று போதும். எல்லாக் கம்பும் ஒரே உயரத்தில் இருந்தால் மேல்கம்புக்குச் சண்டை வராது.

மலையடிவாரம்:
மேலே சொன்னதெல்லாம் ராத்திரிக்கு. பகலில் குஞ்சுக்கு? பழைய மீன்வலையைப் பந்தல் மாதிரி கட்டினால் போதுமா?

சாம்பல்மேடு:
தலைக்கு மேல் கட்டினால் போதும். கண்ணி 2 அங்குலத்துக்குள் இருக்கட்டும், தொய்யாமல் இழுத்துக் கட்டுங்கள். தரை வரைக்கும் தொங்கவிட்டால் பாம்பு சிக்கும், அதை அறுத்து விடுவது உங்கள் வேலையாகிவிடும். பக்கவாட்டில் கீழ் 2 அடிக்கு மெஷ்தான்.

குஞ்சுக்கு முதல் ஆறு வாரம் மேய்ச்சல் வேண்டாம், 10 அடிக்கு 6 அடிப் பந்தலில் தாயோடு விடுங்கள். பஞ்சாரத்தில் (கோழி மூடும் கூடை) கவிழ்த்தால் மேலே ஐந்து கிலோ கல் வையுங்கள், நாய் மூக்கால் புரட்டிவிடும். சிடி தட்டு தொங்கவிடுவது இரண்டு வாரம் வேலை செய்யும், அப்புறம் வல்லூறுக்குப் பழகிவிடும்.

வேலிக்கல்:
பொழுது சாயும் நேரம் காணாமல் போகும் கோழிக்கு வலை உதவாது, நேரம்தான் உதவும். சூரியன் மறைவதற்கு அரை மணி முன்னாலேயே ஒரு கை தீனியை உள்ளே போட்டுக் கூப்பிட்டு அடைத்துவிடுங்கள். காலையில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு திறந்தால் போதும். கூண்டைச் சுற்றி 15 அடிக்குப் புதரை வெட்டுங்கள், பூனை இனம் ஒளிந்து பாயும் தூரம் அதுதான். மீந்த தீனியை ராத்திரி உள்ளே விடாதீர்கள். தீனிக்கு எலி, எலிக்குப் பாம்பு என்று வரிசை கட்டும். முட்டையை மாலைக்குள் எடுத்துவிடுங்கள்.

செத்த கோழியைப் புதரில் வீசினால் மறுநாளும் விருந்துக்கு வரும். 3 அடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

கரிசல்காரன்:
இவ்வளவு செலவுக்கு ஒரு பொறி வைத்துப் பிடித்து மலையில் விட்டால் முடிஞ்சுதே?

கொடாப்பு:
அண்ணா, முடியாது. நரி, காட்டுப்பூனை, மரநாய், கீரி, உடும்பு எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறவை. வனத்துறை அனுமதி இல்லாமல் பிடிப்பதே குற்றம், விஷமும் அவுட்டுக்காயும் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டுவெடி) அதைவிட மோசம். சட்டத்தை விட்டாலும், ஒன்றைப் பிடித்தால் அந்த இடத்துக்கு அடுத்தது வரும். சந்து அப்படியேதானே இருக்கு? சோலார் வேலிக்கு வேண்டுமானால் யோசிக்கலாம், அதுவும் அரை ஏக்கர் மேய்ச்சலுக்கு. 4, 8, 12, 18 அங்குலத்தில் நாலு கம்பி, புல் தொடாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கோடையில் எர்த் கம்பிக்குத் தண்ணி ஊற்றாவிட்டால் ஷாக்கே அடிக்காது. காப்புக்காட்டுப் பக்கம் என்பதால் முதலில் வனத்துறையில் கேட்டுவிடுங்கள். 8 அடிக் கூண்டுக்கு அது தேவையில்லை.

மலையடிவாரம்:
சரி, மெஷ்ஷும் பாவாடையும் போடுகிறேன். ஒரு பெட்டை முதுகில் கடியோடு தப்பியிருக்கு. கதவுக்கு எவ்வளவு சந்து விடலாம்?

சாம்பல்மேடு:
கதவுக்குக் கீழே அரை அங்குலத்துக்கு மேல் கூடாது, வாசல்படியில் சிமென்ட் விளிம்பு வையுங்கள். கொக்கி மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே மட்டும் இருந்தால் கீழ்மூலையை நாய் நெம்பும்.

பெட்டையைத் தனியாக இருட்டான பெட்டியில் வையுங்கள். காயத்தைச் சுற்றி இறகைக் கத்தரித்து, ஆறின உப்புத்தண்ணியில் கழுவி, போவிடோன் அயோடின் தடவுங்கள். ஈ மொய்க்கவிட்டால் இரண்டு நாளில் புழு வைக்கும், தோல் ஆழமாகக் கிழிந்திருந்தால் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். கையுறை போட்டே தொடுங்கள். உங்கள் கையில் கீறல் இருந்து கடித்த மிருகத்தின் எச்சில் பட்டிருந்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணியில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறிநோய் (ரேபிஸ்) ஊசி பற்றிக் கேளுங்கள்.