புதுப்பிப்பு: அம்மாவின் கதிர்ச் சிகிச்சையும் தோல் பராமரிப்பும்

மார்பகப் புற்றுநோய்க்காக மட்டக்களப்பில் கதிர்ச் சிகிச்சை பெற்றுவந்த அம்மா குளிக்கலாமா, சிவந்த இடத்தில் கற்றாழை பூசலாமா என்று முன்னர் கேட்டிருந்தேன். சிகிச்சை இப்போது நிறைவடைந்துவிட்டது.

சிகிச்சை நடக்கும் நாட்களிலும் தாராளமாகக் குளிக்கலாம். இளஞ்சூட்டு நீரும் மென்மையான சவர்க்காரமும் கொண்டு, தேய்க்காமல் கழுவி, துவாயால் ஒற்றியெடுத்தால் போதும். கதிர் செலுத்தும் இடத்தைக் காட்டத் தோலில் இடப்பட்ட அடையாளக் கோடுகள் மட்டும் அழியக்கூடாது. கதிரால் வரும் தோல் பாதிப்பைக் கற்றாழை தடுப்பதாக ஆய்வுகள் உறுதிப்படுத்தாததால் அதையும், உறவினர்கள் விடாது வற்புறுத்திய மஞ்சளையும் தவிர்த்தோம். மாறாக, வைத்தியர் எழுதித்தந்த மொமெற்றாசோன் களிம்பைத் தொடக்கத்திலிருந்தே மெல்லிதாகப் பூசினோம். மார்பகக் கதிர்ச் சிகிச்சையில் இவ்வகை ஸ்டீரொய்ட் களிம்புகள் கடுமையான தோலழற்சியைக் குறைப்பதற்கு நல்ல சான்று உண்டு, எனினும் தோல் உரிந்த இடத்தில் அவற்றைப் பூசக்கூடாது என்றார்.

சிரமம் தந்தது மார்பின் அடிமடிப்புத்தான். வியர்வையும் உராய்வும் ஒன்றுசேரும் அவ்விடத்தில், எங்கள் ஊர் வெக்கைக்குத் தளர்வான பருத்திச் சட்டை அணிந்தும், சிகிச்சையின் இறுதியில் தோல் உரிந்து நீர் கசிந்தது. தாதி சேலைனால் கழுவி, புண்ணில் ஒட்டாத சிலிக்கோன் கட்டு வைத்தார். சிகிச்சை முடிந்த பின்னரும் ஓரிரு வாரங்கள் பாதிப்பு கூடக்கூடும் என்று முன்கூட்டியே அறிந்திருந்ததால் நாங்கள் பதறவில்லை. காய்ச்சலோ சீழோ துர்நாற்றமோ கண்டால் உடனே கிளினிக்குக்கு வருமாறு கூறியிருந்தார்கள்.

புண் ஆறிவிட்டது, கருமை மட்டும் எஞ்சியுள்ளது. அந்தத் தோலை இனியும் வெயில் படாமல் மூடியே வைத்திருக்க வேண்டுமாம்.