ராத்திரி சைக்கிளில் போனால் தப்பு நம்முடையதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

போன செவ்வாய் ராத்திரி பத்தே கால் இருக்கும், ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வேலூர் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன், பின்னால் வந்த பைக் தட்டிவிட்டது. பின் சக்கரம் அப்பளம் மாதிரி மடங்கிவிட்டது, இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல், மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். இதைக்கூட ஒரு கையால்தான் டைப் செய்கிறேன்.

பைக் ஓட்டிய தம்பி இரண்டாயிரம் தருகிறேன் என்கிறார். "லைட் இல்லாம வந்தது நீங்கதானே அண்ணா, கேஸுக்குப் போனா உங்க பேர்லதான் திரும்பும்" என்றும் சொல்கிறார். டைனமோ போய் வருஷம் ஆகிறது, மறைக்கவில்லை. ஆனால் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருந்தது (சேறு அப்பிக் கிடந்தது, அது வேறு கதை). ஸ்டேஷனில் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள், புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுகூடத் தரவில்லை.

சைக்கிளுக்கு லைசென்ஸும் வேண்டாம், இன்சூரன்ஸும் வேண்டாம், சரி. மோதிய வண்டியின் இன்சூரன்ஸில் நஷ்டஈடு கேட்கலாம், விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும், லைட் இல்லாததற்காகத் தொகையைக் குறைக்கலாமே தவிர உரிமையே போய்விடாது என்று தெரிந்த வக்கீல் குமாஸ்தா சொன்னார்.

எஃப்.ஐ.ஆர். போடவைக்க எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினால் போதுமா, நேரில் போக வேண்டுமா? வேலூர் கோர்ட்டில் இப்படி மனு போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், மழையில் நனைந்தாலும் எரிகிற பின்பக்க லைட் காட்பாடிப் பக்கம் எந்தக் கடையில் கிடைக்கும்?