பழைய எஃப்.என். பிஸ்டலில் தோட்டா சிக்குகிறது, உதவி தேவை

கோத்தகிரி:
லைசென்ஸ் கிடைத்து, டீலரிடம் எஃப்.என். 1922 பிஸ்டல் வாங்கினேன். தோட்டா அளவு 7.65 மி.மீ., அதாவது நம் .32. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படைக்காக பெல்ஜியத்தில் செய்தது. ஜெர்மன் படையின் கழுகு முத்திரை இன்னும் தெளிவாக இருக்கிறது. கோவையில் ரேஞ்சில் சுட்டுப் பார்த்தேன். மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) நிறைய 9 போட்டால் நடுவில் ஒன்று மூக்கைக் கீழே குத்தி நின்றுவிடுகிறது. குறைவாகப் போட்டால் ஓடுகிறது. தோட்டா ஏறும் சரிவை அரம் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

வெலிங்டன் ஆர்மரர்:
அரத்தைக் கிட்டவே விடாதீர்கள் தம்பி. எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது. பழைய பிஸ்டல் சிக்கினால் நான் முதலில் சந்தேகப்படுவது மேகசினைத்தான். .32 தோட்டாவின் அடி விளிம்பு உடம்பைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டியிருக்கும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் விழுந்துவிட்டால், ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம்) தள்ளும்போது இரண்டும் மாட்டிக்கொள்ளும். அடுத்த தடவை சிக்கும்போது, குழல் இலக்கைப் பார்த்தே இருக்கட்டும், விரல் டிரிக்கருக்கு வெளியே. மேகசினை உருவுங்கள். அப்போதும் சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தில், ஒன்று இருக்கலாம். ஸ்லைடை இழுத்துக் கண்ணால் பார்த்துவிடுங்கள். பிறகு மேகசினில் மேலே இருப்பதை விரலால் முன்னே தள்ளுங்கள். நகராமல் நின்றால் கோளாறு அதுதான்.

குன்னூர்:
ஹாலோ பாயிண்டா (மூக்கில் குழி உள்ள தோட்டா) போடுகிறீர்கள்? அது நீளம் குறைவு. மேகசினுக்குள் முன்னும் பின்னும் ஆட இடம் கிடைப்பதால் இந்தத் தொல்லை கூடும். உருண்டை மூக்குத் தோட்டா போடுங்கள். இன்னொன்று, தேயிலைத் தோட்டம் சொந்தமாகவே இருந்தாலும் அங்கே சுட்டுப் பார்க்க வேண்டாம். ஆள் பறிக்கும் இடம், பக்கத்தில் காடு. கூடலூர் வழியாக மைசூர் போகும்போதும் கையில் எடுத்துப் போகாதீர்கள்; அந்த ரோடு முதுமலைக்குள் போகிறது, சரணாலயத்துக்குள் ஆயுதம் கொண்டுபோக வனத்துறையின் முன் அனுமதி வேண்டும்.

கோத்தகிரி:
ஆர்மரர் அண்ணா, நீங்கள் சொன்னதேதான். மேல் தோட்டா அசையவே இல்லை. ஒவ்வொரு விளிம்பும் கீழே இருப்பதற்கு முன்னால் வருகிற மாதிரி பார்த்துப் போட்டேன், சிக்கவில்லை. ஆனால் கடைசித் தோட்டா சில சமயம் சோம்பலாக மேலே வருகிறது.

வெலிங்டன் ஆர்மரர்:
மேகசின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் கொடுத்து மாற்றுங்கள். குழலைச் சுற்றியிருக்கும் பெரிய ஸ்பிரிங்கையும் அவரே பார்க்கட்டும். அப்புறம், லெதர் உறையில் போட்டு வைக்காதீர்கள். நம் மலை மூடுபனியில் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், துரு பிடித்தால் அந்தக் கழுகு முத்திரையே அழிந்துபோகும். மெல்லிசாக எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள். தோட்டா தனிப் பெட்டியில்.