மாதாந்திர எஸ்டிகே அப்டேட்டுக்கு அப்புறம் "ஆன்டிவைரஸ் இல்லை"

காட்பாடி_டெவ்:
ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்சாலை கணினிகளில் எங்கள் ஏஜென்ட் (கணினியின் பாதுகாப்பு நிலையைப் பார்த்துச் சொல்லும் சிறு புரோகிராம்) ஓடுகிறது. அதில் இருக்கும் எண்ட்பாயின்ட் செக்யூரிட்டி எஸ்டிகேயின் (எந்த ஆன்டிவைரஸ் ஓடுகிறது என்று கண்டறியும் ரெடிமேட் கோட் தொகுப்பு) இந்த மாத ரிலீஸைப் போட்டதும் சில விண்டோஸ் 10 கணினிகளில் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபென்டர் ஓடியும் "ஆன்டிவைரஸ் இல்லை" என்கிறது. எங்கே பார்ப்பது?

பாலாறு_பைட்:
முதலில் எஸ்டிகேயின் டிஎல்எல்களின் (அதன் கோட் இருக்கிற ஃபைல்கள்) வெர்ஷன் எல்லாம் ஒன்றா பாருங்க. சர்வீஸ் ஓடும்போது இன்ஸ்டால் பண்ணினால், பிடியில் இருக்கிற ஃபைல் மாறாது. ரீபூட் வரை பழசே இருக்கும். பழைய கோர் (முதன்மை) டிஎல்எல்லும், ஆன்டிவைரஸைக் கண்டறியும் புதிய டிடெக்ஷன் டிஎல்எல்லும் கலந்தால் இப்படித்தான் தப்பாகச் சொல்லும். சர்வீஸை நிறுத்தி, மொத்த ஃபோல்டரையும் மாற்றி, பிறகு துவக்குங்க. ஷிஃப்ட் ஓடுற இடத்தில் ரீபூட்டை நம்பாதீங்க, யாரும் பண்ண மாட்டாங்க.

கோட்டை_அட்மின்:
அண்ணன் சொன்னது சரி. கூடவே, உங்க கோடில் டிஃபென்டர் பாதையை நேரடியா எழுதியிருக்கீங்களா? அதன் பிளாட்ஃபார்மும் (டிஃபென்டரின் புரோகிராம் ஃபைல்கள்) மாதாமாதம் மாறும். புரோகிராம்டேட்டாவுக்குள் வெர்ஷன் பெயரில் புது ஃபோல்டர் வரும். பவர்ஷெல்லில் கெட்-எம்பிகம்ப்யூட்டர்ஸ்டேட்டஸ் போட்டு ஏஎம்ரன்னிங்மோட் (டிஃபென்டர் எந்த நிலையில் ஓடுது என்பது) பாருங்க. பாஸிவ் என்றால் வேறு ஆன்டிவைரஸ்தான் முதன்மை.

காட்பாடி_டெவ்:
வெர்ஷன் கலந்துதான் இருக்கு, கோர் மட்டும் போன மாதத்தது. மேக்கில் ஏதாவது?

பாலாறு_பைட்:
புரோகிராமில் கையெழுத்திடும் சைனிங் சர்டிஃபிகேட்டை வேறு டீம் ஐடிக்கு (ஆப்பிள் ஒரு டெவலப்பர் குழுவுக்குத் தரும் அடையாளம்) மாற்றினால், எல்லா ஃபைலையும் படிக்க விடும் ஃபுல் டிஸ்க் ஆக்சஸ் அனுமதி போயிடும். எம்டிஎம் (நிறுவனக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) ப்ரொஃபைலில் புது ஐடியை முன்கூட்டியே அனுப்பிடுங்க. அடுத்த ரிலீஸை மைக்ரோசாஃப்டின் இரண்டாம் செவ்வாய் பேட்ச் வாரத்தில் இறக்காதீங்க. எது உடைந்தது என்று பிரிக்கவே முடியாது.